தகப்பன் பெயர்

(பதுளையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்க நாவல் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நதானியேல் ஹாதோர்ன் எழுதிய 'ஸ்கார்லெட் லெட்டர்'. செந்நிற எழுத்து என்று சொல்லலாம். பாவம், குற்றவுணர்ச்சி, மன்னிப்பு என்று மூன்று தலைப்பு போட்டு வகுப்பில் இதை முடித்துவிடுவது வழக்கம். என்னைக் கேட்டால் இது ஒரு தாயையும் பிள்ளையையும் பற்றிய கதை. அந்தத் தாயை ஊர் மேடையேற்றிக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தகப்பன் யார்? அதே கேள்வி நம் ஊவாத் தோட்டங்களில் யாரிடம் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படாமலே போனது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். 1640களின் போஸ்டன் நகரம். இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டிப் போய்க் குடியேறிய தூய்மைவாதக் கிறிஸ்தவர்களின் ஊர். வேதமே அங்கே சட்டம். கணவன் பின்னால் வருவதாகச் சொல்லி முன்னால் அனுப்பிவைத்த இளம்பெண் ஹெஸ்டர் பிரின். கணவன் வரவில்லை, செய்தியும் இல்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. சிறையில் போடுகிறார்கள். மூன்று மாதக் குழந்தையை மார்போடு அணைத்தபடி அவள் சிறைக் கதவைத் தாண்டி வெளியே வருவதில்தான் கதை தொடங்குகிறது. நெஞ்சில் சிவப்புத் துணியில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து. பிறன்மனை உறவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அதைச் சுற்றித் தங்க நூலால் அவளே பூவேலை செய்திருக்கிறாள். சந்தைத் திடலில் மேடை. அதில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். எழுத்தைச் சாகும்வரை அணிந்திருக்க வேண்டும்.

இது ஹாதோர்ன் கற்பனையில் பின்னிய தண்டனை என்று நினைக்காதீர்கள். அந்தக் குடியேற்றத்தின் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனையே இருந்தது. 1644 இல் மேரி லேத்தம் என்ற இளம்பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவரும் போஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். 1694 இல் வந்த மசாசுசெட்ஸ் சட்டம், இரண்டு அங்குல அளவில் 'ஏ' எழுத்தை வேறு நிறத் துணியில் வெட்டி உடையில் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஹாதோர்னுக்கு இந்த வரலாறு வீட்டு வரலாறு. 1692 இல் சேலம் ஊரில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஜோன் ஹாதோர்ன் இவருடைய மூதாதை. தீர்ப்புச் சொன்ன குடும்பத்தில் பிறந்தவர், தீர்ப்புக்கு உள்ளான பெண்ணின் பக்கம் நின்று எழுதினார். 1849 இல் சுங்க அலுவலக வேலை பறிபோனது. அதே ஆண்டு ஜூலையில் தாயும் இறந்தார். இளவயதிலேயே விதவையாகி மூன்று பிள்ளைகளை வளர்த்த தாய். அந்தத் துக்கத்தின் சூட்டில்தான் இந்த நாவலை எழுதினார்.

மேடைக் காட்சிக்கு வருகிறேன். மேடைக்கு மேலே ஒரு மாடம். அங்கே ஆளுநர், நீதிபதிகள், போதகர்கள். அவர்களில் வயதில் இளையவர், ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல். தகப்பன் பெயரைச் சொல்லும்படி அவளிடம் கேட்கும் பொறுப்பை மூத்த போதகர் இவரிடம் ஒப்படைக்கிறார். குரல் நடுங்கக் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். கேட்டவர்தான் தகப்பன். அது அந்தத் திடலில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். தாய் கீழே வெயிலில், பிள்ளையோடு. தகப்பன் மேலே நிழலில், நீதிபதிகளின் வரிசையில். இந்த ஒரு ஏற்பாட்டுக்குள்ளேயே முழு நாவலும் இருக்கிறது. வெட்கம் என்பது எல்லாருக்கும் பொதுவாகப் பெய்கிற மழை என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஹாதோர்ன் அதை மறுக்கிறார். வெட்கத்தை யார்மேல் இறக்குவது, யாரை அதிலிருந்து காப்பது என்பதை ஊர் கூடி முடிவுசெய்கிறது.

ஊர் என்றால் ஆண்கள் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். சிறை வாசலில் முன்வரிசையில் நிற்பவர்கள் பெண்கள். நெற்றியில் சூடு போட்டிருக்க வேண்டும் என்கிறாள் ஒருத்தி. உயிரோடு விட்டதே தப்பு என்கிறாள் இன்னொருத்தி. ஒரு பிள்ளையைக் கையில் பிடித்து நிற்கும் இளம் மனைவி மட்டும், அந்த எழுத்தின் வலி அவள் நெஞ்சை விட்டு எப்படியும் போகாது, விட்டுவிடுங்கள் என்று மெல்லச் சொல்கிறாள். நாவலின் கடைசிப் பகுதியில் அதே பெண்கள் மறுபடி கூட்டத்தில் நிற்கிறார்கள். இந்த இளம் மனைவி மட்டும் இல்லை, இறந்துவிட்டாள். அவளுடைய சவ உடையைத் தைத்தவள் ஹெஸ்டர். போகிற போக்கில் ஒரே வாக்கியத்தில் ஹாதோர்ன் இதைச் சொல்லிவிட்டுப் போகிறார். எத்தனை தரம் வாசித்தாலும் அந்த இடத்தில் என்னால் நிற்காமல் போக முடிவதில்லை.

தண்டனைக்குப் பிறகு ஹெஸ்டர் ஊரின் ஓரத்தில், கடற்கரைக் குடிலில் தையல் வேலை செய்து பிழைக்கிறாள். ஆளுநரின் கழுத்துப் பட்டி, படைவீரனின் தோள்பட்டை, பிறந்த குழந்தைக்குத் தொப்பி, செத்தவருக்குத் துணி, எல்லாம் அவள் கைவேலை. மணப்பெண்ணின் முகத்திரையை மட்டும் அவளிடம் கொடுக்கமாட்டார்கள். ஊருக்கு அவள் கை வேண்டும், ஆள் வேண்டாம். விடிகாலைப் பனியில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிற நம் பெண்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இனி இந்த நாவலின் இருதயம் என்று நான் நினைக்கிற இடம். பேர்ள் என்று பெயர் வைத்த அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது. இப்படிப்பட்ட தாயிடம் பிள்ளை வளரக்கூடாது, பிரித்து எடுக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஹெஸ்டர் ஆளுநர் வீட்டுக்கே போகிறாள். அவர் கேட்ட கையுறையைத் தைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். அங்கே பிள்ளையை நிறுத்தி வேதப்பாடம் கேட்கிறார்கள். உன்னைப் படைத்தது யார் என்கிறார் போதகர். பாடம் தெரிந்த பிள்ளைதான். வேண்டுமென்றே, சிறை வாசலில் நிற்கும் ரோஜாச் செடியிலிருந்து அம்மா என்னைப் பறித்தாள் என்கிறாள். போதாதா? தாய் தகுதியற்றவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஹெஸ்டர் கத்துகிறாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், அதற்கு ஈடாகக் கடவுள் தந்தது இந்தப் பிள்ளை. செத்தாலும் விடமாட்டேன் என்கிறாள். பிறகு டிம்ஸ்டேலைப் பார்த்து, எனக்காக நீ பேசு என்கிறாள். அவர் பேசுகிறார், பெரியவர்கள் இறங்கி வருகிறார்கள்.

தாயின் வாய்ச் சொல்லுக்கு அந்த அறையில் மதிப்பில்லை. மதிப்புள்ள ஓர் ஆண் எழுந்து பேசினால்தான் பிள்ளை அவளிடம் இருக்கும். அந்த ஆணும் தன்னைத் தகப்பன் என்று சொல்லிக்கொண்டு பேசவில்லை.

தோட்டத்துக்கு வருவோம். போஸ்டனில் ஒருத்தியின் சங்கதியை எல்லாருக்கும் காட்ட மேடை கட்ட வேண்டியிருந்தது. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அதற்குத் தேவையே வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். ஹாலி-எல ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்த நம் தெளிவத்தை ஜோசப், 'மீன்கள்' கதையில் எழுதியது இந்த மறைவில்லாத வாழ்க்கையின் கொடுமையைத்தான். ஒரு பெண் வாந்தி எடுத்தால் பெரட்டுக்குப் போகுமுன் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு கோயில் வாசலில் கூட்டம். தலைவர்மார், கமிட்டிக்காரர், வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண் ஓரமாக நிற்பாள். "யாரு? பேரச் சொல்லு." சொன்னால் ஒரு சண்டை, சொல்லாவிட்டால் ஒரு சண்டை. குத்தங் கட்டச் சொல்வார்கள். நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டுக்குப் போகாமல் ஒதுக்கி வைப்பார்கள். அந்தக் கூட்டத்திலேயே தகப்பனும் பாயில் உட்கார்ந்திருந்த கதைகளைத் தோட்டத்தில் வளர்ந்த யாரும் சொல்வார்கள்.

நியாயம் தெரிந்த பெரியவர்களும் இருந்தார்கள். பையனைக் கூப்பிட்டு அதே வாரம் தாலி கட்டவைத்துப் பிள்ளைக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்தவர்களை நானே கண்டிருக்கிறேன். அவர்களைக் குறைத்துச் சொல்வது தப்பு. ஆனால் அந்தத் தாலி வேண்டுமா என்று பெண்ணிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்னொரு வழியும் தோட்டங்களில் உண்டு. ஆசிரியையாக இருந்த காலத்தில் இதை அருகில் பார்த்தேன். முதலாந் தரத்தில் ஒரு சிறுவன். காலையில் அவனைக் கூட்டிவருவது அக்கா. தலை சீவிவிடுவது அக்கா, சாப்பாட்டுப் பெட்டி கட்டுவது அக்கா, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதும் அக்காதான். அம்மா என்று பதிவில் இருந்தவர் ஐம்பது வயது தாண்டிய, முதுகு வளைந்த கொழுந்துக்காரி. ஒருநாள் பிள்ளை விளையாட்டில் விழுந்து நெற்றி உடைந்து இரத்தம் கொட்டியது. ஓடி வந்த அந்த அக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டு, "எம் புள்ள, எம் புள்ள" என்று அரற்றினாள். பக்கத்தில் நின்ற, பதிவில் அம்மாவாக இருந்த பாட்டி சட்டென்று அவள் தோளை அழுத்தினாள். பெண்ணின் வாய் மூடிக்கொண்டது. பிறகு "தம்பி" என்றாள்.

ஹெஸ்டர் மானத்தைக் கொடுத்துவிட்டு, அம்மா என்று கூப்பிடும் பிள்ளையை வைத்துக்கொண்டாள். நம் பெண்கள் பலர் அந்தக் கூப்பிடுதலைக் கொடுத்துவிட்டு மானத்தை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டிலும் தகப்பன் கையிலிருந்து போனது எதுவுமில்லை. பாரதக் கதையை இரவிரவாகக் கேட்ட சனம் நாம். கன்னிப் பருவத்தில் பெற்ற பிள்ளையை ஆற்றில் விட்ட குந்தி, அவன் களத்தில் விழுந்து கிடக்கும்போதுதான் மகனே என்று வாய்விட்டு அழுகிறாள் என்பதைக் கேட்டு நாமும் அழுதிருக்கிறோம். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, பக்கத்துக் காம்பராப் பெண்ணை என்ன செய்தோம்?

தகப்பன் வெள்ளைக்காரத் துரையாக இருந்த இடங்களும் உண்டு. இதைப் பற்றி நம்மவர்கள் பேசக் கூசுவார்கள். நான் பேசத்தான் போகிறேன். தனியாக பங்களாவில் இருக்கும் துரை, அவர் வாயில் வரும் வார்த்தையில் தொங்கும் பெண்ணின் வேலை, காம்பரா, குடும்பத்தின் அரிசி. இதில் சம்மதம் என்ற பேச்சுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? தோட்டத்தில் பிறப்பு நடந்தால் அந்தத் தகவலைப் பதிவாளருக்கு அறிவிக்கும் பொறுப்பு துரையுடையது. தகப்பன் அவரேயானால் அந்தத் தாளில் எந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? இந்தியப் பக்கத்துக் கதை ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. டார்ஜிலிங், அஸாம் தேயிலைத் துரைமாரின் பிள்ளைகளுக்காக 1900 இல் காலிம்பொங்கில் ஜோன் அண்டர்சன் கிரகாம் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் இல்லம் அமைத்தார். அங்கிருந்து 1908க்கும் 1938க்கும் இடையில் ஏறத்தாழ 130 பேரை நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளைத் தாய் வாழ்ந்த தோட்டத்திலிருந்து தூரமாக்குவது அந்தத் திட்டத்தின் ஓர் அங்கம். நம் மலைநாட்டிலும் இப்படி ஓர் இல்லம் இருந்தது. நுவரெலியாவில் ஆர்னல்ட் பெயின்டர் என்ற ஆங்கிலேய மிஷனரியும் சிங்களப் பெண்ணான அவர் மனைவியும் நடத்திய இல்லம் அது. ஐரோப்பியத் துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்துச் சுவரோவியங்களை வரைந்த டேவிட் பெயின்டர் இவர்களுடைய மகன். அந்தக் குடும்பம் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் தந்தது. அந்த நன்மையை மறுக்கமாட்டேன். ஆனாலும் ஹெஸ்டர் ஆளுநர் வீட்டில் எதைத் தடுக்கக் கத்தினாளோ, அது இந்த மலைகளில் சத்தமில்லாமல் நடந்து முடிந்தது. பிள்ளை மலைக்கு அந்தப் பக்கம், தாய் கொழுந்து நிரையில் இந்தப் பக்கம். அவளுக்காகப் பேச யாரும் எழுந்து நிற்கவில்லை.

சட்டம் என்ன செய்தது? 1889 ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமாகாத தாயும் பிள்ளைச் செலவு கேட்டு நீதவானிடம் போகலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் தாயின் சாட்சியம் மட்டும் போதாது. அதை உறுதிப்படுத்த வேறு சாட்சியம் வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. பிள்ளை பிறந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். தகப்பன் இடையில் ஏதாவது செலவுக்குக் கொடுத்திருந்தால்தான் அதற்குப் பிறகு போக முடியும். ஒரு நாள் வேலைக்குப் பேர் விழாவிட்டால் அடுத்த மாதம் கடன் ஏறும் குடும்பத்துப் பெண், பதுளைக் கோட்டுக்கு எத்தனை தவணை வந்து போவாள்? சாட்சி சொல்ல எந்த லயத்து ஆள் துரைக்கோ கணக்கப்பிள்ளைக்கோ எதிராக வருவான்? 1999 இல் புதிய தாபரிப்புச் சட்டம் வரும்வரை, நூற்றுப்பத்து ஆண்டுகள், அந்தக் கட்டளைச் சட்டம்தான் இருந்தது.

பிறப்புப் பதிவிலும் இதே கதை. பெற்றோர் மணமாகாதவர்கள் என்றால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டு, தகப்பன் கையெழுத்தும் வைத்தால்தான் அவன் பெயர் ஏறும். அவன் வந்தால் உண்டு. வராவிட்டால் வெறும் கோடு. அவனுடைய விருப்பத்துக்குச் சட்டம் அவ்வளவு மரியாதை கொடுத்து வைத்திருக்கிறது.

நம் பழைய பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். எல்லார் வீட்டிலும் இருக்கும், பொலித்தீன் உறையில், நாலாக மடித்து. பிறந்த திகதி, பெயர், தகப்பன், தாய். அதற்குக் கீழே ஒரு கேள்வி: பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா? அதற்கும் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்தவரா, பூட்டன் இலங்கையில் பிறந்தவரா என்று அடுத்தடுத்த கூடுகள். ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக. கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டு வாழ்ந்த எத்தனையோ தம்பதிகள் விவாகத்தைப் பதிவுசெய்யவில்லை. அவர்களுடைய பிள்ளைகளின் தாளிலும் முதற் கேள்விக்கு 'இல்லை' என்றே விழுந்தது. பாட்டன் கூட்டில் கோடு. ஹெஸ்டரின் எழுத்து அவள் உடையோடு போயிற்று. இந்தத் தாளைப் பிள்ளை அல்லவா காலமெல்லாம் சுமக்கிறது? பள்ளிக்கூடத்துக்கு, அடையாள அட்டைக்கு, கடவுச்சீட்டுக்கு, கல்யாணத்துக்கு.

அந்தப் பாட்டன், பூட்டன் கூடுகள் எங்கிருந்து வந்தன என்று இளம்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த நாட்டில் பிறந்தவனும் தன் தகப்பன் இங்கே பிறந்ததை, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டினால்தான் வம்சாவழிப் பிரஜை என்றது. தோட்டத்து மக்கள் கூண்டோடு வெளியே நின்றார்கள். மறுவருடம் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக மனுப் போட்டோம். பிரஜாவுரிமை கிடைத்தது 1,34,000 பேர் அளவுக்கு. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் மிச்ச ஆட்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தலைக்கணக்காகப் பங்கு போட்டது. இது நாம் பலமுறை பேசிய கதை.

பேசாமல் விட்ட சங்கதி ஒன்று அதே 1948 சட்டத்தில் இருக்கிறது. தாய் வழியாகப் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை போகாது. எல்லாம் தகப்பன் வழிதான். ஒரே ஒரு விதிவிலக்கு. பிள்ளை திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்திருந்தால், சட்டத்தில் 'தகப்பன்' என்று வரும் இடத்தில் 'தாய்' என்று வைத்துப் பார்க்க வேண்டும். இதன் விளைவு தோட்டத்தில் என்ன? கிராமத்துப் பிரஜை ஒருவருக்கும் நாடற்ற தோட்டத்துப் பெண்ணுக்கும் மணமில்லாமல் பிள்ளை பிறந்தால், தகப்பனின் நாடு அந்தப் பிள்ளைக்கு இல்லை. தாயின் நாடில்லாமைதான் அதன் சொத்து. பெண்ணுக்குத் தாய் என்ற அந்தஸ்தைச் சட்டம் கொடுத்ததே அவமானமும் இழப்பும் கைமாறும் இந்த ஓர் இடத்தில்தான். 2003 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே தகப்பனைப் போலத் தாயும் தன் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கொடுக்க முடிந்தது. நாடற்றவராக மிஞ்சியிருந்த நம் மக்களுக்கும் அதே 2003 இல்தான் தனிச் சட்டம் வந்தது.

ஆளுநர் வீட்டு விசாரணையும் பழங்கதையாகிவிடவில்லை. 2013 இல், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. கிராம சேவகர் முதல் பிரதேச செயலகம் வரை உட்கார்ந்து, இவள் தகுதியான தாயா என்று பார்த்தார்கள். வெளிநாடு போகும் தகப்பனிடம் அப்படி ஓர் அறிக்கை கேட்கவில்லை. 2022 இல் டொலர் நெருக்கடி வந்தபோது வயதெல்லை இரண்டாக இறங்கியது. பிள்ளைகளின் நலன் ஒரே நாளில் மாறிவிட்டதா? பண்டாரவளை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் இதற்காகக் காத்துக்கிடந்த பெண்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது.

பெண்மேல் ஊர் இறக்கும் வெட்கத்தைப் பற்றித் தமிழில் எழுதியவர்களில் ஜெயகாந்தனை நினைக்காமல் இருக்க முடியாது. 1966 இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளுக்குத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தம் என்று சொல்லி உள்ளே கூட்டிப்போகிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே நிகழ்ச்சியை எடுத்து, அந்தத் தாய் கூச்சலிட்டுத் தெருவைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று காட்டினார். நடந்தது ஒன்றே. ஒரு தாய் ஊர் பார்க்காமல் கதவைச் சாத்தினாள், இன்னொரு தாய் ஊருக்குக் கதவைத் திறந்தாள். மகளின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கதவில் மாறிப்போனது. ஹெஸ்டரின் ஊரில் அந்தக் கதவைத் திறந்தது அரசு. லயத்தில் கதவே கிடையாது. அதனால்தான் நம்மிடையே மற்றவர் வாயை மூடிக்கொள்வது அவ்வளவு பெரிய தருமம். தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டு, மறுநாள் ஒரு கிண்ணம் காயமருந்து கொண்டுவந்து வைத்த பெண்கள் லயங்களில் இருந்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நாவலில் ஒரு காட்டுக் காட்சி உண்டு. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு ஹெஸ்டரும் டிம்ஸ்டேலும் தனியாகச் சந்தித்து, ஊரை விட்டுப் போய்விட முடிவுசெய்கிறார்கள். ஹெஸ்டர் நெஞ்சிலிருந்த எழுத்தைப் பிடுங்கி எறிகிறாள், தலைத்துணியை அவிழ்க்கிறாள், இளமை திரும்புகிறது. ஓடைக்கு அப்பால் நிற்கும் பேர்ள் வர மறுக்கிறாள். காலை உதைத்து அழுகிறாள். எழுத்தை மறுபடி குத்திக்கொண்ட பிறகுதான் தாயிடம் வருகிறாள். பிள்ளையின் கல்நெஞ்சம் என்று சிலர் இதற்கு உரை சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பிறந்த நாள் முதல் அந்த எழுத்தோடுதான் அவள் தாயைக் கண்டிருக்கிறாள். அது இல்லாத பெண்ணை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பெரியவர்கள் ஒருத்திமேல் எழுதுவதைப் பிள்ளைகள் வாசித்தே வளர்கிறார்கள். வகுப்பில் 'அப்பன் பேர் தெரியாதவன்' என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை ஏசும்போது, அந்த ஏச்சு அதன் சொந்தச் சரக்கா?

டிம்ஸ்டேல் கடைசியில் மேடையேறி, நெஞ்சைத் திறந்து காட்டி, ஹெஸ்டரின் கைகளிலேயே உயிரை விடுகிறார். அவருக்காக எனக்கு இரக்கம் உண்டு; ஆனால் பேர்ளுக்கு ஒரு தகப்பன் கிடைத்தது சில நிமிடங்கள். ஹெஸ்டர் பிள்ளையை ஊரை விட்டுக் கூட்டிப் போகிறாள். ஆண்டுகள் கழித்துத் தனியாக அதே குடிலுக்குத் திரும்புகிறாள். யாரும் கேட்காமலே எழுத்தை மறுபடி அணிகிறாள். காதலில் காயப்பட்ட, கைவிடப்பட்ட பெண்கள் அவளிடம் ஆலோசனைக்கு வருகிறார்கள். தூரதேசத்தில் எங்கோ இருக்கும் பேரக் குழந்தைக்கு ஓர் உடுப்புத் தைக்கிறாள், அந்த ஊர் பொறுக்காத அளவு அலங்காரத்தோடு.

கடைசியாக, இங்கே இருக்கும் அதிபர்மாரிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதலாந் தர அனுமதி நாளில் ஒரு மேசையில் பத்துத் தாய்மாரை ஒன்றாக நிற்கவைத்துச் சான்றிதழை உரக்க வாசிக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஒரு பாடசாலையில் பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற கேள்வியையும் அதன் பதிலையும் வரிசை முழுவதும் கேட்க வாசித்ததை நான் பார்த்தேன். அந்தத் தாய் பிள்ளையைச் சேர்க்காமலே திரும்பிப் போனாள். பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும்தான் உங்களுக்கு வேண்டும். அதை எழுதிக்கொண்டு தாளை மடித்துக் கையில் கொடுங்கள். புதிய சான்றிதழில் விவாகக் கேள்வி இராது என்று பதிவாளர் நாயகம் திணைக்களம் அறிவித்திருக்கிறது. பழைய தாளை வைத்திருக்கும் பிள்ளைகள் இன்னும் உங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிறப்பை 42 நாட்களுக்குள் பதியுங்கள். தகப்பன் வராவிட்டாலும் தாய் தனியாகப் பதியலாம். தகப்பன் பேர் தெரியாமல் பதிய முடியாது என்று யாராவது திருப்பி அனுப்பினால், அப்படி ஒரு சட்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். பக்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாபரிப்பு வழக்குக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மிச்ச நேரம் உங்கள் கேள்விகளுக்கு. பின்வரிசையில் இருக்கும் தாய்மார் முதலில் கேட்கட்டும்.